உத்தியோக வயிறு

எங்கள் பெங்களூர் தண்டில், அதாவது கன்டோன்மென்டில், அந்தக் காலத்தில் தெருவிளக்கு இலாகா என்று ஒன்று இருந்தது. விளக்கு எரிந்ததா என்று கேட்காதீர்கள். இலாகா இருந்தது. விளக்கேற்றும் ஆட்களின் சம்பளப் பையை அல்சூருக்குக் கொண்டுபோகும்போது, பட்டப்பகலில் எவனோ பறித்துக்கொண்டு போனான். உடனே மேலிடத்து உத்தரவு இறங்கியது: "பை கொண்டு செல்பவர் இனி கைத்துப்பாக்கி தரிக்கக் கடவர். அது எவர் கண்ணிலும் படலாகாது."

உத்தரவு போட்ட மகானுபாவர் மனித உடம்பைப் பார்த்ததே இல்லை போலும்.

முதலில் ஹெட்கிளார்க் சேஷகிரியின் இடுப்பில் கட்டினார்கள். தொப்பை ஒரு மடிப்பு மடிந்து துப்பாக்கியை விழுங்கிவிட்டது. எவர் கண்ணிலும் படவில்லை, சேஷகிரியின் கைக்கும் அகப்படவில்லை. சூப்பரின்டெண்ட் ஹெர்பர்ட் துரை மெச்சிக்கொண்டார். ஆனால் ஜட்கா வண்டியில் உட்கார்ந்ததும் குழல் அடிவயிற்றில் குத்தியது. மனுஷர் அலறிக்கொண்டு இறங்கிவிட்டார்.

அடுத்தது ஆம்ப்ரோஸ், பல வருஷத்து டெம்பரரி குமாஸ்தா. பை வேலை கிடைத்தால் பர்மனென்ட். பர்மனென்ட் ஆனால்தான் அல்போன்சாவைக் கட்டிக்கொடுப்பேன் என்று அவள் அப்பா பிடிவாதமாக இருந்தார். பாவம், காத்துக் காத்தே இரண்டு பேருக்கும் நரை எட்டிப் பார்த்தது.

ஆம்ப்ரோஸ் ஒட்டடைக்குச்சி உடம்புக்காரன். துப்பாக்கியை எங்கே வைத்தாலும் கோட்டைத் தள்ளிக்கொண்டு நின்றது. துரை சுற்றிச்சுற்றி வந்து பார்த்துவிட்டுத் தீர்ப்பளித்தார்.

"துப்பாக்கியில் குற்றமில்லை. உம்முடைய சரீரம் விதிக்கு முரணாக இருக்கிறது. திருத்திக்கொண்டு வாரும்."

ராகிக் களியும் பன்றிக்கறியுமாகத் தின்று தீர்த்தான். சதை வைக்கவில்லை. கடைசியில் அல்போன்சா பஞ்சடைத்து ஒரு வயிறு தைத்துக் கொடுத்தாள். உள்ளே துப்பாக்கிக்கு ஒரு பை, முதுகில் நாடா. அதை மாட்டிக்கொண்டு போனதும் பியூன் எழுந்து நின்று சலாம் வைத்தான். அதைப் பார்த்து ஆபீஸ் இளசுகளெல்லாம் தையற்காரனிடம் ஓடி ஆளுக்கொரு வயிறு தைத்துக்கொண்டார்கள். துரைக்குப் பரம திருப்தி. சம்பளப் பையை அல்சூரில் சேர்த்துவிட்டு வந்தால் பர்மனென்ட் என்றார்.

ஏரிக்கரையில் ஒருவன் வழிமறித்தான். ஆம்ப்ரோஸ் கோட்டுப் பொத்தானைக் கழற்றினான், உள்கோட்டுப் பொத்தானைக் கழற்றினான், பிறகு நாடாவைப் பிடித்து இழுத்தான். முடிச்சு இறுகிவிட்டது. வந்தவன் கொஞ்ச நேரம் பொறுத்துப் பார்த்தான்.

"இன்னாத்த தேடுற?"

"துப்பாக்கி. கொஞ்சம் இருப்பா."

"திரும்பு, நான் அவுக்குறேன்."

அவிழ்த்தான். பணப்பையையும் துப்பாக்கியையும் எடுத்துக்கொண்டு வயிற்றைத் திருப்பிக் கொடுத்தான். மரியாதை தெரிந்தவன்.

விசாரணையில் துரை கேட்டது ஒரே கேள்வி: துப்பாக்கி இருப்பது திருடனுக்கு முன்னமே தெரிந்ததா? இல்லை என்றான் ஆம்ப்ரோஸ். ஆகவே உத்தரவு பூரணமாக நிறைவேறியிருக்கிறது, குறை உடம்பில்தான் என்று முடிவுகட்டி அவனை வேலையை விட்டு நீக்கினார்கள். இயற்கையிலேயே பொருத்தமான உடல்வாகு உள்ளவர் தேவை என்று விளம்பரம் போட்டார்கள்.

ஓஸ்வால்ட் என்று ஒருவன் வந்தான். ஒல்லியுமில்லை, தொப்பையுமில்லை. துப்பாக்கியை மறைத்துக் காட்டச் சொன்னார் துரை. "ஏற்கெனவே மறைச்சுக்கிட்டுத்தான் வந்திருக்கேன் சார், சொந்தத் துப்பாக்கி" என்றான் அவன். துரை தடவாத குறையாகப் பார்த்தார், ஒன்றும் தெரியவில்லை. இலாகாவுக்குத் துப்பாக்கிச் செலவும் மிச்சம். அன்றைக்கே பர்மனென்ட்.

ஆபீஸ் வாசலில் அவனைக் கண்டுகொண்ட ஆம்ப்ரோஸ் விழுந்தடித்து உள்ளே ஓடி வந்தான். இவன்தான் அந்தத் திருடன், இவனிடம் இருப்பது இலாகாவின் துப்பாக்கி என்று கத்தினான்.

"அந்தத் துப்பாக்கி இவர் இடுப்பில இருக்கிறத நீர் பார்த்தீரா?" என்றார் சேஷகிரி.

"வெளியில தெரியலையே சார்."

"தெரியக்கூடாதுங்கிறதுதானேய்யா உத்தரவு?"

அடுத்த மாதம் மாதா கோயிலில் கல்யாண ஓலை வாசித்தார்கள். மாப்பிள்ளை ஓஸ்வால்ட், பெண் அல்போன்சா. தடை ஏதும் தெரிந்தவர்கள் சொல்லலாம் என்றார் சாமியார். சங்கதி தண்டு முழுக்கத் தெரியும். ஆம்ப்ரோஸ் கடைசி வரிசையில் நின்று எங்கள் முகத்தை ஒவ்வொன்றாகப் பார்த்தான். நாங்கள் மாப்பிள்ளையின் இடுப்பைப் பார்த்தோம். கோட்டு நன்றாகத்தான் படிந்திருந்தது. அல்போன்சா குலுங்கிக் குலுங்கி அழுதாள். பர்மனென்ட் மாப்பிள்ளை கிடைத்த சந்தோஷம் என்று எங்களுக்குள் சொல்லிக்கொண்டோம்.