பஸ் நடந்த பதினோராயிரம் அடி

எங்கள் வீட்டில் முதன்முதலாகப் படித்து டிப்ளமா வாங்கியவன் நான். அதோடு ஒரு கெட்ட பழக்கமும் வந்தது. திரையில் எண்ணாகத் தெரிந்தால் நம்பிவிடுவேன். (எதிரில் நிற்கும் ஆள் சொன்னால் நம்ப மாட்டேன்.)

எனக்கு ஒரகடத்தில் ஒரு தொழிற்சாலையில் வேலை. அப்பா அங்கே ஷிஃப்டுக்கு ஆள் ஏற்றும் பஸ்ஸை ஓட்டுகிறார். ஆரம்ப சுகாதார நிலையத்தில் அவருக்குச் சர்க்கரை எல்லைக்கோட்டில் நிற்பதாகச் சொல்லி, மூன்று மாதம் நடக்கச் சொன்னார்கள். பெரியப்பா இதே சர்க்கரையைக் கவனிக்காமல் விட்டு, மாரடைப்பில் போனவர். பயந்துபோய், அப்பாவின் போனிலும் என் போனிலும் நடையை எண்ணும் செயலியை ஏற்றினேன்.

முதல் நாளே பதினோராயிரம் அடி! நாளெல்லாம் அசெம்பிளி லைனில் நடந்த எனக்கு அறுநூறு. (என் போன் கேட் லாக்கரில் கிடக்கும்.) "எழுந்து நடங்கள்" என்று என்னைத்தான் திட்டியது.

"எப்பப்பா இவ்ளோ நடக்குற?"

"நான் எங்கடா நடந்தேன்? சீட்டுல குந்திகினு கீறேன்."

தன்னடக்கம் என்று நினைத்தேன். செயலி வாராவாரம் பூத்தூவிப் பாராட்டியது. நான் ஜாங்கிரி வாங்கிப் பாராட்டினேன். "வேணாண்டா" என்றவருக்கு ஊட்டியே விட்டேன்.

மூன்று மாதம் கழித்து அதே சுகாதார நிலையத்தில் பார்த்தால், சர்க்கரை ஏறியிருந்தது. நான் விடுவேனா? வரிசையே பார்க்க, போனை நீட்டினேன்.

"உங்க மிஷினுதான் ரிப்பேர் சிஸ்டர். டெய்லி பத்தாயிரத்துக்குக் கொறையாம நடக்குறாரு!"

சிஸ்டர் என்னை விட்டுவிட்டு அப்பாவைப் பார்த்தார். "இன்னா வேலைண்ணே?"

"கம்பெனி பஸ் ஓட்றேம்மா."

"போன எங்க வெப்பீங்க?"

"இன்ஜின் மூடி மேல. ரோடு பள்ளத்துல அதுவும் குதிச்சிகினே வரும்."

வரிசையில் நின்ற அக்கா ஒருவர் முந்திக்கொண்டார். "அப்ப பஸ்ஸுக்குத்தான் சுகர் கொறஞ்சிருக்கும்!"

எல்லோரும் சிரித்தார்கள். அப்பா சிரிக்கவில்லை. மாத்திரைச் சீட்டை மடித்துச் சட்டைப்பையில் வைத்தபடி மெதுவாகச் சொன்னார்: "படிச்ச புள்ள சொல்ற, சரியாத்தான் இருக்கும்னு நெனச்சேன்டா."

அந்தச் சிரிப்பை அன்றே மறந்துவிட்டேன். இந்த வார்த்தை மட்டும் இன்னும் உள்ளே கிடக்கிறது.

இப்போது தினமும் வல்லக்கோட்டைக் கோயில் வரை சேர்ந்து நடக்கிறோம். கால் தரையில் பட்ட பிறகுதான் செயலியைத் திறக்கிறோம். சர்க்கரை கொஞ்சம் இறங்கியிருக்கிறது.

ஆனாலும் விசேஷ வீடுகளில் யாராவது அப்பாவிடம் ஜாங்கிரியை நீட்டினால், அம்மா என்னைப் பார்த்துக்கொண்டே சொல்வாள்:

"அவருக்கு வேணாம். பஸ்ஸுக்குக் குடுங்க, அதான் நடந்துச்சி."