திரைக்கு முதுகு காட்டிய அண்ணாச்சி

திருநெல்வேலிச் சீமையிலேயே அதிகமாகச் சினிமாவுக்குப் போனவரும், ஒரு சினிமாவைக்கூடப் பார்க்காதவரும் ஒரே ஆள்தான். அவர் சீட் அண்ணாச்சி. அப்பா அம்மா வைத்த பெயர் ஒன்று இருக்கத்தான் செய்யும். ஆதார் அட்டையைப் பார்த்தால் தெரியலாம். ஜங்ஷன் பக்கத்தில் யாருக்கும் தெரியாது.

தொழில், தியேட்டர் நாற்காலிகளுக்கு உறை தைப்பது. கிழிந்த ரெக்சினை உரித்து, உள்ளே பஞ்சு திணித்து, மேலே புதுசு போட்டு ஆணி அடித்துவிடுவார். எங்கள் தியேட்டரில் நீங்கள் எந்த வரிசையில் உட்கார்ந்தாலும் அண்ணாச்சியின் கைவேலைமேல்தான் உட்கார்கிறீர்கள். அதனால் அவருக்கு எந்தப் படத்துக்கும் டிக்கெட் கிடையாது. முதல் நாள் முதல் காட்சிக்கு வந்துவிடுவார். ஆணி அடிக்கும்போது உட்காரும் முக்காலியைத் தூக்கிவந்து திரைக்கு அடியில் போடுவார். விளக்கு அணைந்ததும் திரைக்கு முதுகைக் காட்டி, நம்மைப் பார்த்து உட்கார்ந்துகொள்வார்.

உள்ளூர்க்காரர்களுக்குப் பழகிவிட்டது. வெளியூர்க்காரர்கள்தான் பாவம். பேய்ப் படங்களில் திரையில் வரும் பேய்க்குக் கால்வாசிப் பேர் அலறினால், கீழே இருட்டுக்குள் கண் கொட்டாமல் உட்கார்ந்திருக்கும் இவரைப் பார்த்து மீதிப் பேர் அலறுவார்கள்.

"ஏன் அண்ணாச்சி இப்படி?" என்று ஒருமுறை கேட்டேன்.

"அங்கன நடிக்கவன் சம்பளம் வாங்கிட்டு நடிக்கான். இங்கன உக்காந்திருக்கவன் டிக்கெட் எடுத்துட்டு வந்திருக்கான். இவன் எதுக்கு வே நடிக்கப் போறான்? திரை வெளிச்சம் இவன் மூஞ்சியில விழுது. நான் இவனைப் பாக்குதேன். படம் தெரிஞ்சிட்டுப் போவுது."

இந்தச் சாஸ்திரத்தில் அவருக்கென்று விதிகள் உண்டு. காலை மாற்றி மாற்றிப் போட்டால் திரைக்கதை இழுக்கிறது. விசிலடித்த கையோடு செல்போனைப் பார்த்தால், அந்த விசில் கதாநாயகனுக்கு, படத்துக்கு இல்லை. குடும்பப் படத்துக்குத் தனி விதி.

"புள்ளைகளைப் பாக்கணும் வே. ஒண்ணுக்கு வந்தா எந்திரிச்சுப் போவுதா, அடக்கிட்டு உக்காந்திருக்கா? அடக்குச்சுன்னா படம் ஓடும். போச்சுன்னா படமும் போச்சு."

காட்சி முடிந்ததும் எதிரே டீக்கடையில் தீர்ப்பு. மைக்கை நீட்டிக்கொண்டு திரியும் யூடியூப் பையன்கள் ஆயிரம் பேரிடம் கருத்துக் கேட்டாலும், மாலைக் காட்சிக்கு டிக்கெட் எடுக்கலாமா என்பதை ஊர் டீக்கடையில்தான் முடிவு செய்யும். ஒரு கண்ணீர்ப் படம் வந்தபோது மூன்றாவது வரிசையில் ஒரு மீசைக்காரர் ஏங்கி ஏங்கி அழுதார். "மீசையே அழுதுட்டு, படம் பிச்சிக்கிட்டுப் போகும்" என்று எல்லோரும் சொன்னார்கள். அண்ணாச்சி மட்டும் சந்தேகப்பட்டு இடைவேளையில் நேரே போய் விசாரித்துவிட்டு வந்தார். மீசைக்குக் கடைவாய்ப் பல்லில் வலி. படம் அடுத்த வெள்ளிக்கிழமையைப் பார்க்கவில்லை.

இப்பேர்ப்பட்டவர் முன்னால்தான் என் படம் வந்து மாட்டியது.

என் படம் என்றால் நான் நடித்ததல்ல. அந்த அளவுக்கு நாடு கெட்டுப்போகவில்லை. நான் எழுதிய சிறுவர் நாவலைப் படமாக எடுத்திருந்தார்கள். நான் நாவல் எழுதிய சேதியே அதுவரை என் பதிப்பாளருக்கும் எங்கள் வீட்டுப் பரணுக்கும் மட்டும்தான் தெரியும். பரண் இன்றுவரை அந்தப் பாரத்தைத் தாங்கிக்கொண்டிருக்கிறது.

கதை இதுதான். மழையே பெய்யாமல் தாமிரபரணி வற்றிப்போகிறது. அப்பளத்துக்குப் பேர்போன கல்லிடைக்குறிச்சியில் ஒரு சின்னப் பெண், மாட்டுவண்டிச் சக்கரம் அளவுக்கு ஓர் அப்பளத்தைப் பொரித்து, அதன்மேல் ஏறிப் பறந்து, பொதிகை மலைக்குப் போய் மழையைக் கூட்டிக்கொண்டு வருகிறாள். சிக்கல் என்னவென்றால், மழை வந்தால் அப்பளம் நமுத்துவிடும். என் மகள் கயல் சாப்பிட அடம்பிடித்த வயதில், ஒவ்வொரு வாய்ச் சோற்றுக்கும் ஒவ்வொரு பொய்யாக நான் அவிழ்த்துவிட்டது. கதையில் வரும் பெண்ணுக்குக் கயலைப் போலவே சடை நுனியைக் கடிக்கும் பழக்கம்.

"சார், அப்பளத்துக்குப் பதிலா டிராகன் வெச்சுக்கலாமா?" என்று இயக்குநர் கேட்டார்.

"டிராகன் மழையில் நமுக்காதே தம்பி" என்றேன். என் இலக்கிய வாழ்க்கையில் நான் ஜெயித்த ஒரே வாதம் அது. அதற்கு ஈடாக ஒரு பேசும் ஆட்டைக் கதைக்குள் விட்டுவிட்டார்.

கயல் இப்போது ஒன்பதாம் வகுப்பு. என்னைத் தெரியாத மாதிரி நடந்துகொள்வதில் தேர்ந்துவிட்ட வயது. படம் பார்க்க வருவதற்கு நிபந்தனை போட்டாள்.

"நீங்க என்கூட உக்காரக் கூடாது. இது உங்க கதைன்னு என் ஃப்ரெண்ட்ஸ்கிட்ட சொல்லக் கூடாது. அதுல வாரது நான்தான்னு செத்தாலும் சொல்லக் கூடாது."

"சரிட்டி, உங்கப்பான்னாவது சொல்லலாமா?"

"அவசியம்னா."

ஊர் என்ன சொன்னாலும் எனக்குக் கவலையில்லை என்று எழுத ஆசைதான். கவலை இருந்தது. ஆனால் அது ஊரைப் பற்றியதல்ல, கயலைப் பற்றியது. தன்னை வைத்துச் சொன்ன கதையை இவ்வளவு பேர் பார்ப்பது அவளுக்குப் பிடிக்குமா, அல்லது அப்பன் மானத்தை வாங்கிவிட்டான் என்று காலத்துக்கும் நினைப்பாளா? கேட்டால் பதில் வராது. பரீட்சை எப்படி என்றாலும் "பரவால்ல", பிறந்தநாள் சட்டை எப்படி என்றாலும் "பரவால்ல" என்பவள்.

எனவே படம் தொடங்கும் முன் அண்ணாச்சியின் முக்காலியடியில் போய் நின்றேன்.

"அண்ணாச்சி, ஒரு உதவி. நடு வரிசையில நீலச் சுடிதார். சடையைக் கடிச்சுக்கிட்டு இருப்பா. என் மக. கடைசியில மழை வார காட்சியில அவ மூஞ்சி எப்படி இருக்குன்னு மட்டும் பார்த்துச் சொல்லணும்."

"ஒத்த ஆளை வேவு பாக்க நான் என்ன போலீஸா வே?" என்று முறைத்தார். பிறகு என் முகத்தைக் கொஞ்சம் பார்த்தார். அந்தப் பார்வைக்கு முன் ஒன்றும் தப்பாது. "சரி, போயி உக்காரும். பாக்குதேன்."

நான் கடைசி வரிசையில், கழிப்பறைக் கதவுக்குப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தேன். அங்கிருந்தால் அண்ணாச்சியின் குடும்பப் பட விதியை நேரடியாகச் சோதிக்கலாம். சோதித்தேன். ஆடு பேசத் தொடங்கியதும் பிள்ளைகள் எழத் தொடங்கினார்கள். கதவு மூடவே இல்லை. படத்தில் வற்றிப்போன தாமிரபரணி இந்த வழியாகத்தான் போயிருக்க வேண்டும் என்று தோன்றியது.

இடைவேளையில் வாசலில் மைக் நீண்டது. நான் தூணுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு கேட்டேன்.

"நாவல்ல இருந்த ஆழம் படத்துல இல்ல ப்ரோ" என்றான் ஒருவன். என் நாவலைப் படித்த மனிதனை நான் முதன்முதலாகப் பார்க்கிறேன். தூணை விட்டு வெளியே வந்து, "எங்க வாங்கிப் படிச்சீங்க தம்பி?" என்று கேட்டேன். "படிக்கல சார். ஆனா எப்பவும் நாவல்லதான ஆழம் இருக்கும்?" என்றான்.

"அம்மாம் பெரிய அப்பளத்தைப் பொரிக்க எண்ணெய்ச் சட்டிக்கு எங்க போனா? லாஜிக் வேண்டாமா?" என்றார் ஓர் அம்மாள்.

ஒரு பெரியவர் மைக்கைப் பிடுங்காத குறை. "நான் கல்லிடைக்குறிச்சிதான். இடைவேளைக்கு முன்னால ஒரு தூத்தல் விழுது, அதுக்கே அப்பளம் ஓரம் நமுக்கு. எங்கூர் அப்பளம் அப்படி நமுக்காது! இந்தக் கதையை எழுதினவன் எவம்லே? வேற ஊர் அப்பளம் தின்னு வளந்தவன்!"

நான் மறுபடி தூணுக்குப் பின்னால் போனேன்.

இரண்டாம் பாதியில் மழைக் காட்சி வந்தது. பொதிகையிலிருந்து மேகம் அந்தப் பெண்ணின் பின்னாலேயே வருகிறது. முதல் துளி விழுகிறது. அப்பளத்தின் ஓரம் தொங்குகிறது. கீழே காய்ந்த ஆறு. அப்போது ஒரு சிறுவன் கால்சட்டையைப் பிடித்தபடி என் பக்கத்துக் கதவை நோக்கி ஓடிவந்தான். பாதி வழியில் திரும்பிப் பார்த்தான். அப்படியே நின்றுவிட்டான். அவன் போகவே இல்லை.

நான் இருந்த இடத்திலிருந்து எல்லோருடைய பின்மண்டையும்தான் தெரிந்தது. கயலின் பின்மண்டையும். எனக்கு முகம் காட்டிய ஒரே மனிதர் அண்ணாச்சி. அவர் கூட்டத்தை இப்படியும் அப்படியும் பார்த்தார். கழுத்தை நீட்டினார். முக்காலியிலிருந்து பைய எழுந்தார். பிறகு, அந்தத் தியேட்டரில் யாரும் பார்த்திராத ஒன்று நடந்தது. அண்ணாச்சி திரும்பி நின்றுவிட்டார். படம் முடியும்வரை எனக்கு அவருடைய பின்மண்டையும் தெரிந்துகொண்டிருந்தது.

விளக்குப் போட்டதும் டீக்கடைக்கு ஓடினேன்.

"அண்ணாச்சி, என் மக?"

"எந்த மக?"

"நீலச் சுடிதார் அண்ணாச்சி!"

அண்ணாச்சி தலையில் கைவைத்தார். "சவம், மறந்தே போயிட்டு வே. நான் என்ன செய்ய? ஒருத்தன் காலை மாத்தலை. ஒருத்தன் செல்லைத் தொடலை. அத்தனை மூஞ்சியும் ஒண்ணுபோல அண்ணாந்து கெடக்கு. அப்படி என்னதான் காட்டுதான்னு திரும்பினேன். அந்தப் புள்ள மேல தொங்கிட்டு நிக்கி. அதை அப்படியே விட்டுட்டு எப்படி வே இந்தப் பக்கம் திரும்புதது?" என் தோளைப் பிடித்தார். "படத்துல தப்பிச்சிட்டு, சரி. நெசத்துல அந்தப் புள்ளைக்கு ஒண்ணும் ஆகலைல்லா?"

"அது கிராபிக்ஸ் அண்ணாச்சி."

"அது எனக்குத் தெரியும். புள்ளைக்கு ஒண்ணும் ஆகலைல்லா?"

"ஒன்றும் ஆகவில்லை" என்று நான் சத்தியம் செய்த பிறகுதான் டீயை வாயில் வைத்தார். ஆயுளில் முதன்முதலாகச் சினிமா பார்த்த மனிதரிடம் நான் வேறென்ன கேட்க முடியும்?

அந்த நேரம் கயல் தோழிகளோடு வெளியே வந்தாள். மைக் நீண்டது.

"சொல்லுங்க சிஸ்டர், படம் எப்படி?"

"பரவால்ல."

மைக் பையன் விடவில்லை. "கதை நம்புற மாதிரியே இல்லன்னு சொல்றாங்களே? அப்பளம் நமுத்துட்டா அந்தப் பொண்ணு எப்படி ஊருக்குத் திரும்பும்?"

கயல் சடையைக் கீழே விட்டாள்.

"யாரு சொன்னா? மழை பெஞ்சா ஆத்துல தண்ணி வரும்லா? அவ ஆத்துல விழுந்து, அந்த நமுத்த அப்பளத்துமேலயே மெதந்து வருவா. படத்துலயும் அப்படித்தான காட்டுதாங்க? ஒழுங்கா பாக்கணும். அந்த ஆடுதான் தேவையே இல்ல. கதையில ஆடே கிடையாது."

"நீங்க நாவல் படிச்சிருக்கீங்களா?"

"எதுக்குப் படிக்கணும்? எனக்குத்தான் மொதல்ல சொன்னாங்க." கையை நீட்டி டீக்கடையைக் காட்டினாள். "அந்தா நிக்காங்கல்லா, எங்கப்பா. சோறு ஊட்டும்போது சொன்னது. அந்தப் புள்ள நான்தான்."

தோழிகள் ஓவென்று கத்தினார்கள். நெஞ்சில் ஏறி உட்கார்ந்திருந்த ஆடு இறங்கிப் போனது போல இருந்தது எனக்கு. அண்ணாச்சி முழங்கையால் இடித்தார்.

"வே, இப்பப் பாத்துட்டேன். சொல்லவா?"

"வேண்டாம் அண்ணாச்சி. நானே பார்த்தேன்."

"நீரு எங்க பாத்தீரு? கண்ணு ரெண்டுலயும் தண்ணி நிக்கி. உமக்கு ஒண்ணும் தெரிஞ்சிருக்காது." டீ கிளாஸை வைத்துவிட்டு நிதானமாகச் சொன்னார். "சடையைக் கடிக்க மறந்துட்டா. 'எங்கப்பா'ன்னு சொல்லும்போது நாடியைத் தூக்கினா. அது நடிப்பு இல்ல. ஓடும் வே."

படம் ஏதோ ஓடியது. அடுத்த படத்திலிருந்து அண்ணாச்சி பழையபடி முதுகைக் காட்டித் திரும்பி உட்கார்ந்துகொண்டார். "என் தொழிலையே கெடுக்கப் பாத்தவரு நீரு" என்று இன்றைக்கும் திட்டுகிறார்.

இப்போதெல்லாம் நான் தியேட்டருக்குப் போனால் முதலில் திரையைப் பார்ப்பதில்லை. அதற்கு அடியில் இருட்டுக்குள் அந்த முகம் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்கிறேன். இருந்தால்தான் சாய்ந்து உட்காருகிறேன்.