மாணிக்கவாசகம் குரல் கொடுத்த கராம்புத் தைலம்

வேறொரு தைலக்காரன் போத்தலில் சினிமா நடிகையின் படம் போட்ட நாளிலிருந்து ரபாயேலுக்குச் சோறு இறங்கவில்லை. அவருடைய கராம்புத் தைலப் போத்தலில் இருந்தது மனைவி தெரேசாவின் படம்.

“உன் மூஞ்சியப் பாத்து எவ வாங்குவா?” என்று கேட்டேவிட்டார்.

கராம்பு இடித்துக்கொண்டிருந்த தெரேசாவின் உலக்கை ஒரு கணம் நின்றது.

“அப்ப எடுத்துருங்க.”

படம் போனது. வாரந்தோறும் தேயிலைத் தோட்டத்து லயக் குடியிருப்புகளுக்குப் போய்ப் பெண்களின் முழங்காலில் தைலம் தேய்த்துவிட்டு வருபவள், அதையும் நிறுத்திவிட்டாள்.

“ஏன் போகல?”

“என் மூஞ்சியப் பாத்து வியாபாரம் கெட்டுறப் போவுதுங்க.”

ஒரு வார்த்தை தணிவாகச் சொல்லியிருக்கலாம். ரபாயேல் போத்தல்களை எண்ணப் போய்விட்டார்.

தைலத்தைக் காரில் கொண்டுபோய் விற்கும் மஹ்ரூப்தான் யோசனை சொன்னான். “ரேடியோவுல புதுசா மாணிக்கவாசகம்னு ஒருத்தர் வந்திருக்காரு அண்ணே. காரு சத்தத்துல என்ன சொல்றார்னு எனக்கு வெளங்கல, ஆனா அவர் கொரல் கேட்டா மாத்தளைக் கடைத்தெருவே வாய மூடிக்குது.”

ரபாயேல் வீட்டு வானொலி முந்தின வருஷத்துக் கலவரத்தில் பறிபோயிருந்தது. கடைத்தெருவில் போய் நின்று பார்த்தார். பஸ் இரைச்சலில் அவருக்கு ஒரு சொல்லும் பிடிபடவில்லை. ஆனால் அந்தக் குரல் வந்ததும் தேத்தண்ணிக் கோப்பைகள் பாதி வழியில் நின்றன. இது போதாதா? மாணிக்கவாசகத்துக்குக் கடிதம் எழுதினார். பேசிப் பதிந்த கசெட் பார்சலில் வந்தது.

காரின் மேல் ஒலிபெருக்கியைக் கட்டிக்கொண்டு பக்கத்து ஊரான பலாபத்வலயில் ஓடவிட்டார்கள். குரலைக் கேட்டு வாசலுக்கு ஓடிவந்தவர்கள், தைலம் என்றதும் முகம் சுளித்துக் கதவைச் சாத்திக்கொண்டார்கள்.

“யாரு தைலம்னு வெளங்கல போல,” என்றான் மஹ்ரூப். “அக்கா பேரச் சொல்ல வைப்போம்.”

இரண்டாவது கசெட் வந்தது. “அலுவிகாரையைச் சேர்ந்த திருமதி தெரேசா ரபாயேல் அவர்கள்…” என்று மாணிக்கவாசகம் நிறுத்தி நிதானமாகத் தொடங்கினார். மிச்சம் கார் போன வேகத்தில் காற்றோடு போயிற்று. நாவுலயில் மடித்துக் கட்டிய சாரங்களை இறக்கிவிட்டு, தலைத்துண்டைக் கழற்றிக்கொண்டு மனிதர்கள் எழுந்து நின்றார்கள்.

“மரியாதையப் பாத்தியாடா!” என்று ரபாயேல் பூரித்தார்.

போத்தல் ஒன்றும் போகவில்லை. கடைகளில் இருந்தவையும் திரும்பி வந்தன.

கடைசியில் தெரேசாவின் படத்தையே மறுபடி போட்டார். எடுத்த குற்றத்துக்குப் பரிகாரமாக, சுற்றிலும் பூமாலை வைத்து அச்சடிக்கச் சொன்னார். ஒரு கடைக்காரர் அந்தப் படத்தைச் சுவரில் ஒட்டி ஊதுபத்தி கொளுத்தினார். விற்க மட்டும் மறுத்துவிட்டார்.

மறுநாள் காலையில் பெட்டிகளுக்கு நடுவே உட்கார்ந்திருந்த ரபாயேல் மெல்லச் சொன்னார். “அன்னிக்கு நான் அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது தெரேசா.”

அவள் தேத்தண்ணியை அவர் பக்கம் நகர்த்தினாள்.

“போத்தல் திரும்பி வந்ததால சொல்றீங்களா, மனசாரச் சொல்றீங்களா?”

ரபாயேல் தேத்தண்ணிக் கோப்பையைக் கையில் எடுத்தார். இரண்டில் எது என்று அவருக்கே தெரியாததுதான் அவரைச் சுட்டது. நன்றாக விற்றிருந்தால் இந்த வார்த்தை தன் வாயில் வந்திருக்குமா?

கதவு தட்டப்பட்டது. தெரேசா போய்த் திறந்தாள்.

வெளியே வெள்ளைச் சேலையில் ஆறு பெண்கள். தோட்டத்தில் கொழுந்து பறிப்பவர்கள். முன்னால் நின்ற காத்தாயி, அழுவதற்குத் திறந்த வாயை மூடாமலே படியில் சரிந்தாள். தெரேசா ஓடிப்போய், திரும்பி வந்த போத்தல் ஒன்றைத் திறந்து அவள் நெற்றியில் தேய்த்தாள். அந்தக் கை பட்டதும் காத்தாயி கண் திறந்தாள்.

“அக்கா, நீங்களா? ஒங்க தைலம் ஒங்களையே காப்பாத்தலையேன்னு லயமே அழுவுது!”

“அவளுக்கு என்ன கேடு? யாரு சொன்னா அவ செத்துட்டான்னு?” என்று ரபாயேல் கத்தினார்.

“ரேடியோவுல மரண அறிவித்தல் வாசிக்கிற மாணிக்கவாசகந்தான் ஊரூரா வந்து சொன்னாருங்க ஐயா, அவரு வாசிச்ச பேருல இதுவரைக்கும் ஒருத்தரும் எந்திரிச்சு வந்து கதவத் தொறந்ததில்லீங்களே!”