கோட்டுக்குள் இறக்கை வைத்திருப்பவனைப் பற்றி

அன்பும் மரியாதையும் உள்ள மைத்துனனுக்கு, உன் அத்தான் வாயால் சொல்ல, உன் அக்கா கையால் எழுதுவது. இங்கே நாங்கள் இருவரும் சௌக்கியம். என் வலது முழங்கால் மட்டும் தனிக்கட்சி நடத்துகிறது. அங்கே நீ, உன் வீட்டுக்காரி, பிள்ளைகள், உன் சர்க்கரை எல்லாம் கட்டுக்குள் இருக்கும் என்று நம்புகிறேன்.

இது உன் அக்காவைப் பற்றிய புகார்க் கடிதம். அதை அவளையே எழுதச் சொல்வது எனக்கே நன்றாக இல்லைதான். என்ன செய்ய, எனக்கு எழுத்து வராது. இந்தத் தெருவில் எழுத்து வருகிற மற்றவர்களுக்கு வாய் நிற்காது. கூட்டாமல் குறைக்காமல் எழுதுகிறேன் என்று அவளிடம் வாக்கு வாங்கியிருக்கிறேன். ஒவ்வொரு பத்தி முடிந்ததும் வாசித்துக் காட்டச் சொல்லுவேன். ஒரு வார்த்தை இடம் மாறினாலும் பிடித்துவிடுவேன். உன் கல்யாணத்தன்று நீ எந்தக் காலில் செருப்பு அறுந்து நின்றாய் என்பதுகூட எனக்கு ஞாபகம் இருக்கிறது. இடது கால். என்ன சிரிப்பு, எழுது. அதையும் எழுதிவிட்டாயா, சரி, இருக்கட்டும்.

விஷயம் என்னவென்றால், நம் பேத்தி லீவு முடிந்து ஹாஸ்டலுக்குத் திரும்பியபோது ஒரு கதைப் புத்தகத்தை இங்கேயே விட்டுவிட்டுப் போனாள். அட்டையில் ஒரு பையன். சட்டை இல்லை. முதுகில் இரண்டு இறக்கை. என்னடி இது என்றேன். "தேவதூதனாங்க. ஒரு பொண்ணைக் காவல் காக்க மேலேருந்து அனுப்பியிருக்காங்க" என்றாள் உன் அக்கா. காவல் என்றதும் நான் கொஞ்சம் காது கொடுத்தேன். எத்தனையோ வருஷம் துணி மில் வாசலில் வாட்ச்மேனாக நின்றவன் அல்லவா, தொழில் பற்று. பேப்பர், மாத்திரை அட்டை, கரண்ட் பில் எல்லாம் அவள்தான் எனக்கு வாய்விட்டு வாசிப்பாள். அப்படியே இதையும் சாயங்காலம் சாயங்காலமாக வாசித்தாள். ஒரு பாகத்தோடு முடிகிற சங்கதி இல்லை என்றும், அடுத்தடுத்த பாகங்கள் பக்கத்துத் தெரு வாசகசாலையில் இருக்கின்றன என்றும் பிறகுதான் தெரிந்தது.

மைத்துனா, அந்தப் பையன் சரியில்லை. கேட்ட அன்றைக்கே எனக்குப் பட்டுவிட்டது. அவனுக்கு வயது முந்நூறாம். ஆனால் அந்தப் பெண்ணோடு பதினோராம் வகுப்பில் உட்கார்ந்திருக்கிறான். முந்நூறு வருஷமாகவா ஒருத்தன் பாஸாகாமல் இருப்பான்? முந்தி எந்தப் பள்ளியில் படித்தாய், சர்டிபிகேட் எங்கே என்று ஒரு வாத்தியார் கேட்கவில்லை. இறக்கையை வேறு பெரிய கோட்டுக்குள் மடித்து வைத்துக்கொண்டு தெருவில் நடக்கிறான், யாருக்கும் தெரியவில்லையாம். மில் வாசலில் எத்தனை பேர் காலையில் ஒல்லியாக உள்ளே போய்ச் சாயங்காலம் குண்டாக வெளியே வந்திருக்கிறார்கள் தெரியுமா? சட்டையைத் தூக்கினால் இடுப்பைச் சுற்றி முழுப் பீஸ் துணி இருக்கும். முதுகு புடைத்த ஒருத்தனையும் நான் தட்டிப் பார்க்காமல் விட்டதில்லை. இவனை மட்டும் அந்த ஊரே விட்டிருக்கிறது.

அதுகூடப் போகட்டும். அவன் அந்தப் பெண்ணின் ஜன்னலில் ஏறி உட்கார்ந்து அவள் தூங்குவதைப் பார்த்துக்கொண்டே இருக்கிறானாம். "எவ்வளவு பாசம் பாருங்க" என்கிறாள் உன் அக்கா. ஊர் தூங்கும்போது விழித்திருப்பது எனக்கும் வேலையாகத்தான் இருந்தது, ஆனால் நான் வெளியே பார்த்து உட்கார்ந்திருந்தேன். திருடன் வெளியிலிருந்துதானே வருவான்? உள்ளே பார்த்து உட்கார்ந்திருப்பவன் காவல்காரனா, நீயே சொல். இவனை அனுப்பிய மேலிடம் ஒரு தடவையாவது சோதனைக்கு வந்ததா என்றால் அதுவும் இல்லை.

நீ கோர்ட்டில் குமாஸ்தாவாக இருந்தவன். வாக்குமூலம் முன்னுக்குப்பின் முரணாக இருந்தால் அதற்கு என்ன பெயர் என்று உனக்குத் தெரியும். முதல் பாகத்தில் அவனுக்கு இடது தோளில் தழும்பு. இரண்டாம் பாகத்தில் அந்தப் பெண் தொட்டுப் பார்க்கும்போது தழும்பு வலது தோளுக்குப் போய்விட்டது. நிறுத்து என்றேன். "எழுதினவங்க மறந்திருப்பாங்க, விடுங்களேன்" என்றாள். எப்படி விடுவது? முதல் பாகத்திலேயே அவனுக்குத் தாய் தகப்பன் கிடையாது, ஒளியிலிருந்து வந்தவன் என்று சொல்லியாயிற்று. அப்புறம் பார்த்தால், அந்தப் பெண்ணுக்குப் பக்கத்தில் வந்து முகத்தோடு முகம் குனிகிற நேரமெல்லாம் "அம்மா தேடுவாங்க, நான் வரேன்" என்று எழுந்து பறந்துவிடுகிறான். ஒளியிலிருந்து வந்தவனுக்கு ஏது அம்மா? ஒரு தடவை "தாகமா இருக்கு, தண்ணி குடிச்சிட்டு வரேன்" என்று போனவன் இரண்டு அத்தியாயம் கழித்துத்தான் வந்தான். எங்கே போனான், யாரைப் பார்த்தான், பதில் இல்லை. அவனுக்கு வேறு ஊரில் இன்னொரு ஜன்னல் இருக்கிறது என்பது என் கட்சி.

இந்த உறவை வெட்டிவிடுவது என்று தீர்மானித்து, உன் அக்காவிடம் சொல்லாமல் நானே புத்தகத்தை எடுத்துக்கொண்டு வாசகசாலைக்குப் போனேன். அங்கே மேசையில் இருந்த அம்மா, "இதோட அடுத்த பாகம் வேணுமா ஐயா?" என்றார். "வேணாம்மா. சட்டை போட்ட ஆளா பார்த்து ஒண்ணு குடுங்க" என்றேன். தேடி எடுத்து ஒன்று கொடுத்தார். அட்டையில் கழுத்து வரை பொத்தான் போட்ட கோட்டோடு ஒருத்தன், சுற்றிலும் பனி. கௌரவமான ஆள் என்று நினைத்துக் கொண்டுவந்து நீட்டினேன். உன் அக்கா முகத்தைப் பார்க்க வேண்டுமே. அதே பயல்தானாம். கடைசிப் பாகமாம். பனிக்காலம் என்பதால் கோட்டாம். இறக்கை உள்ளே இருக்கிறது என்று அந்த அம்மாவாவது சொல்லியிருக்கலாம்.

இனிமேல்தான் உண்மையான புகார். அந்தக் கடைசிப் பாகத்தை உன் அக்கா வாய்விட்டு வாசிக்கவில்லை. சத்தமில்லாமல் வாசிக்கிறாள். உதடுகூட அசைவதில்லை. பக்கத்தைத் திருப்புகிறாள், தானே சிரிக்கிறாள், கொஞ்ச நேரம் கழித்துக் கண்ணாடியைக் கழற்றித் துடைக்கிறாள். என்னடி ஆச்சு என்று கேட்டால், "ஒண்ணுமில்லீங்க, தூசி" என்கிறாள். எனக்கு எழுத்து வராது என்பது கல்யாணத்தன்றே அவளுக்குத் தெரியும். ஒரு நாள்கூட அதை எனக்குக் குறையாகத் தெரியவிட்டதில்லை. இப்போது அதே அறையில், அதே விளக்கடியில், நான் வாசலுக்கு வெளியே நிற்கிற மாதிரி இருக்கிறது. இதை எழுதாதே. எழுதிவிட்டாயா?

எனக்கு அவன் பிழைத்தானா, செத்தானா என்பதில் ஒரு அக்கறையும் கிடையாது. எனக்குத் தெரிய வேண்டியதெல்லாம் என் வீட்டில் என்ன நடக்கிறது என்பதுதான். ஆகவே நீ ஒரு தம்பியாக லட்சணமாக அவளுக்கு நாலு வரி எழுது. ஒன்று வாய்விட்டு வாசிக்க வேண்டும், இல்லாவிட்டால் புத்தகத்தைத் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும். கோர்ட்டுத் தோரணையில் எழுதினால் பயப்படுவாள்.

உன் வீட்டுக்காரியை விசாரித்ததாகச் சொல். சின்னவர்களுக்கு என் ஆசி. அவர்கள் நோய்நொடி இல்லாமல், முதுகு புடைத்தவர்களோடு சேராமல், நீடூழி வாழட்டும்.

இப்படிக்கு,
உன் அத்தான்
(அவர் கைநாட்டு மேலே)

பின்குறிப்பு: தம்பி, அக்கா எழுதுகிறேன். அத்தான் உறை வாங்கக் கடைக்குப் போயிருக்கிறார். நான் கொடுத்த வாக்கு கடிதத்துக்குத்தான், பின்குறிப்புக்கு இல்லை. உன் சம்பளம் பற்றியும் உன் மாமனார் பற்றியும் அவர் சொன்ன நாலு வரி மேலே இல்லை. வாசித்துக் காட்டும்போது மட்டும் இருந்தது.

அந்தப் பையனுக்குத் தழும்பே கிடையாதுடா. அம்மாவும் கிடையாது. அந்தப் புத்தகத்தில் எட்டுப் பக்கத்துக்கு ஒரு முத்தம் வருகிறது, உன் அத்தான் முகத்தைப் பார்த்துக்கொண்டு அதையெல்லாம் நான் எப்படி வாசிப்பேன்? பக்கத்தில் குனிகிற நேரம் பார்த்து நான்தான் அவளைத் தழும்பைத் தொடவைப்பேன், இல்லாவிட்டால் அவனை அம்மாவிடம் அனுப்பிவைப்பேன். தண்ணீர் குடிக்கப் போன அன்றைக்கு எனக்கு அடுத்தது ஓடவில்லை, அதனால் இரண்டு அத்தியாயம் அவன் வரவில்லை. அக்கறை இல்லை என்கிறாரே, தினமும் சலூனில் போய் உட்கார்ந்து அத்தியாயம் அத்தியாயமாக இந்தக் கதையைத்தான் சொல்கிறார். சலூன்காரர் வீட்டுக்காரி வந்து "அடுத்து என்னக்கா ஆச்சு?" என்று என்னைக் கேட்கிறாள்.

கடைசிப் பாகத்தைச் சத்தமில்லாமல் வாசித்ததற்குக் காரணம் வேறு. முன்கூட்டியே தெரிந்துகொண்டால் தழும்பு மாதிரி உளறாமல் சொல்லலாம் என்றுதான் ஆரம்பித்தேன். முடிவில் என்ன வருகிறது தெரியுமா? காவலை விட்டுக் காதலித்தான் என்று அவன் இறக்கையைப் பிடுங்கி, ஒரு வாசலில் காவலுக்கு நிறுத்திவிடுகிறார்கள். ஞாபகத்தையும் எடுத்துவிடுகிறார்கள். அந்தப் பெண் தேடி வந்து எதிரே நிற்கிறாள். அவன் அவளைப் பார்த்து, "யாரும்மா நீங்க, யாரைப் பார்க்கணும்?" என்று கேட்கிறான். இதை நான் இவரிடம் எப்படி வாசிப்பேன், சொல்.

வேறு முடிவு யோசித்துக்கொண்டிருக்கிறேன். எல்லாம் மறந்தும், அவள் எந்தக் காலில் செருப்பு அறுந்து நின்றாள் என்பது மட்டும் அவனுக்கு ஞாபகம் இருக்கிற மாதிரி வைத்தால் என்ன? இடது கால் என்றே வைத்துக்கொள்கிறேன், மாற்றிச் சொன்னால் பிடித்துவிடுவார். உனக்கு வேறு ஏதாவது தோன்றினால் எழுது. தோன்றாவிட்டாலும் பரவாயில்லை, என்னைத் திட்டியே எழுது. பதில் வந்தால் அவருக்கு வாசித்துக் காட்டப்போவது நான்தான்.