ஓர் அங்குலம் வளர்ந்த ஒட்டி

குருநகர்க் கடற்கரையில் மீனைக் கண்டதும் விலை கேட்காமல் நீளம் கேட்ட ஒரே மனிதர் எங்கள் அடிமட்டம் அண்ணைதான். மீனவர் சங்கத்து ஐஸ் அறைக்கு அவர் பொறுப்பு. பக்கத்து மேசையில் நான் கிளாக்கர். ஒவ்வொரு ஒட்டி மீனையும் அங்குலம் குறித்த மர அடிமட்டத்தில் கிடத்தி அளந்து கொப்பியில் எழுதும்வரை, ஏலக்காரர் தொண்டை கிழியக் கத்தினாலும் மீன் அசையாது.

"ஒட்டி வரவரச் சிறுத்துப்போகுது தம்பி."

"குஞ்சைப் பிடிச்சா சின்னனாத்தானே அண்ணை இருக்கும்?"

"எடேய், வயித்தை அமத்திப் பார், சினை! இது குஞ்சில்லை, தாய். கடல் சுடுகுது. சூட்டிலை கெதியாச் சினைப்படுகுது, வளருறேல்லை. சின்னத் தாய் எத்தினை முட்டை இடும்? பிறகு உந்த ஒட்டியைத் தின்னுற பாரை மீனுக்கும் பட்டினிதான்."

காலையில் கடலுக்குள் காலை வைத்துப் பார்த்துவிட்டு, "தேயிலை போட்டா குடிக்கலாம்" என்பார். நாங்கள் விழுந்து விழுந்து சிரிப்போம்.

சினைக் காலத்தில் ஒரு மாதம் வலை போடக்கூடாது என்று அவர் கொடுத்த கரைச்சல் தாங்காமல், சங்கம் கடைசியில் கூட்டம் வைத்தது. அதற்கு முந்தின கிழமைதான் என் குரங்குப் புத்தி வேலை செய்தது. மீனின் வாயை அடிமட்டத்தின் நுனியில் வைத்து, வால் தொடும் எண்ணை மட்டும் பார்ப்பது அவர் வழக்கம். அவர் தேத்தண்ணி குடிக்கப் போன நேரம், நுனியில் ஓர் அங்குலத்தை அரிந்துவிட்டேன். கண்டுபிடித்துக் கடற்கரையெல்லாம் என்னைத் துரத்துவார் என்றுதான் நினைத்தேன்.

"தம்பி, வளருதடா! ஒட்டி வளருது!"

ஐஸ் அறைக்குள் சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு ஆடினார். எல்லோருக்கும் வடை வாங்கிக் கொடுத்தார். நாளைக்குச் சொல்லலாம், நாளைக்குச் சொல்லலாம் என்று நானும் வடையைத் தின்றேன்.

கூட்டத்தில் பாதிப்பேர் அவர் பக்கம் சாய்ந்திருந்தார்கள். "ஆர் ஆர் சம்மதம்?" என்று தலைவர் கேட்டதும் அவரே எழும்பினார்.

"நான் பிழை விட்டிட்டன். மீன் வளருது. நீங்கள் வலையைப் போடுங்கோ."

எல்லோரும் கைதட்டினார்கள். கூட்டக் குறிப்பு எழுதிக்கொண்டிருந்த நான் அதையும் அப்படியே எழுதினேன். இத்தனை பேருக்கு முன்னால் அவமானப்படப் பயந்த கோழை நான். அந்த முறையும் சினை மீன் பெட்டி பெட்டியாக வந்தது, முன்னையதைவிடச் சின்னதாக.

அண்ணை இப்போது கனடாவில் மகளோடு இருக்கிறார். போன ஞாயிறு தொலைபேசியில் எல்லாவற்றையும் சொல்லிவிட்டு ஏச்சுக்குக் காத்திருந்தேன்.

"என்னைப் பேய்க்காட்டினதை விடு" என்றார். "அப்ப... ஒட்டி வளரேல்லையோ?"

"இல்லை அண்ணை" என்பதற்குள் எனக்கு அழுகை வந்துவிட்டது. அவர்தான் என்னைத் தேற்றினார்.