போர்டுக்குக் கீழே ஒரு ஹெல்மெட்

என்னைப் பயந்த சுபாவம் உள்ளவன் என்று யாராவது சொன்னால் எனக்குக் கோபம் வரும். அது ரொம்பக் குறைத்துச் சொல்வது. லைசென்ஸ், இன்சூரன்ஸ், ஆர்.சி. புக் எல்லாம் பையில் இருக்கும்போதே, போலீஸைப் பார்த்ததும் வண்டியை விட்டு இறங்கித் தள்ளிக்கொண்டு போகிறவன் நான். (ஒருமுறை அவரே பரிதாபப்பட்டு, "பெட்ரோல் இல்லியா தம்பி?" என்று கேட்டார். "ஆமா சார்" என்று சொல்லி வானகரம் வரைக்கும் தள்ளினேன். டேங்க் நிறைய பெட்ரோல் இருந்தது.)

அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு கம்பெனியில் எனக்கு குவாலிட்டி செக்கிங் வேலை. வண்டி பாகங்களில் முடி அளவுக்குக் கீறல் இருந்தாலும் எடுத்து ஓரமாகப் போட வேண்டும். எதைப் பார்த்தாலும் ஏதோ கோளாறு என்று சந்தேகப்படுவதற்குச் சம்பளம் தருகிறார்கள். என் சுபாவத்துக்கு இதைவிட நல்ல வேலை கிடைக்காது.

இப்படிப்பட்ட என்னிடம்தான் என் அக்கா மஞ்சுளா, தன் பிள்ளையின் முகத்தை ஒப்படைத்தாள்.

கவின் அப்போது பிளஸ் ஒன். முகப்பரு என்றதும் நெற்றியில் ஒன்று, மூக்கில் ஒன்று என்று நினைத்துவிடாதீர்கள். இரண்டு கன்னங்களும் தாடையும் சிவந்து, சீழ் கோத்து, தலையணையில் பட்டாலே வலிக்கிற பரு. கொரோனா போய், ஊரே மாஸ்க்கைக் கழற்றி எறிந்த பிறகும் அவன் மட்டும் கழற்றவில்லை. பள்ளியில் முதலில் கிண்டல் செய்தார்கள். பிறகு அதுவே அவன் முகம் என்று விட்டுவிட்டார்கள். ஆனால் மாஸ்க்கோடு சோறு தின்ன முடியாதே. டிபன் பாக்ஸ் தினமும் மூடி திறக்காமல் வீட்டுக்கு வந்தது.

"டேய் பூபாலா, புள்ள பகல் பூரா பட்டினி கெடக்குதுடா. சாப்புடணும்னா மாஸ்க்க அவுக்கணுமாம். அவுக்க மாட்டானாம். அவங்கப்பாக்கு ஷிப்டே சரியா பூடுது. நீ இன்னா தாய்மாமன்? சீர் செய்ய மட்டும்தான் வருவியா?" என்றாள் அக்கா.

அதுவரை அக்கா சும்மா இருந்தாள் என்று சொல்ல முடியாது. கஸ்தூரி மஞ்சள் அரைத்துப் பூசினாள். சந்தனம் பூசினாள். அம்மன் கோயில் குளத்தில் வெல்லம் போட்டாள். வெல்லம் கரைகிற மாதிரி பருவும் கரைந்துவிடும் என்பது நம்பிக்கை. வெல்லம் கரைந்தது.

என் பங்குக்கு மெடிக்கல் ஷாப்பில் போய், "பருவுக்கு நல்லதா ஒரு கிரீம் குடுங்க" என்று கேட்டு வாங்கி வந்தேன். முதல் வாரம் கவின் முகம் பளபளவென்று ஆனது. எங்கள் ஊர் நூம்பல் முழுக்கக் காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டு திரிந்தேன். அந்த ட்யூப் தீர்ந்த கையோடு, போன பரு அத்தனையும் சொந்தபந்தத்தோடு திரும்பி வந்தது. கன்னம் எரிகிறது என்று ஈரத்துணி போட்டுக்கொண்டு படுத்திருந்தான். "மாமா, இது போவவே போவாதா?" என்று கேட்டான். அழவில்லை. அழுதிருந்தால்கூட ஏதாவது சொல்லித் தேற்றியிருப்பேன்.

சரி, டாக்டர்தான் வழி. கம்பெனியில் ஒருவர் அம்பத்தூரில் நல்ல லேடி டாக்டர் இருப்பதாகச் சொன்னார். எதற்கும் முன்கூட்டியே பார்த்துவிடலாம் என்று வேலை முடிந்ததும் அந்தப் பக்கம் வண்டியை விட்டேன். போர்டைப் பார்த்ததும் நிறுத்தாமல் ஓட்டினேன்.

'தோல் மற்றும் பால்வினை நோய் சிறப்பு மருத்துவர்' என்று எழுதியிருந்தது. ('தோல்' சின்ன எழுத்தில், 'பால்வினை' பெரிய எழுத்தில் இருந்ததாக எனக்கு ஞாபகம். பிறகு போய்ப் பார்த்தபோது எல்லாம் ஒரே அளவுதான்.) தோல் டாக்டர்கள் இரண்டுக்கும் சேர்த்துத்தான் படிக்கிறார்கள் என்பது எனக்குத் தெரியும். ஊருக்குத் தெரியுமா? அதுவும் எந்த நேரத்தில்! அப்போதுதான் தரகர் கோதண்டம் எனக்கு பருத்திப்பட்டில் ஒரு பெண் பார்த்திருந்தார். பெயர் ரேவதி. போட்டோ கைமாறி, ஜாதகம் பொருந்தி, நாங்கள் பெண் பார்க்கப் போக வேண்டியதுதான் பாக்கி. இந்த நேரத்தில் நான் அந்த போர்டுக்குக் கீழே நிற்பதை ஒருத்தர் பார்த்தால் போதும், ஜாதகத்தைத் திருப்பி அனுப்பிவிடுவார்கள்.

பக்கத்தில் பூந்தமல்லியிலும் தோல் டாக்டர் உண்டு. ஆனால் அங்கே எந்தப் பக்கம் திரும்பினாலும் சொந்தக்காரர்கள். அம்பத்தூருக்கு நம் ஆள் யார் வரப் போகிறார்கள் என்று நானே எனக்குத் தைரியம் சொல்லிக்கொண்டு, ஒரு சனிக்கிழமை சாயங்காலம் கவினை ஏற்றிக்கொண்டு போனேன். மாஸ்க் போட்டு, அதற்கு மேல் ஹெல்மெட் போட்டு, கண்ணாடியை இறக்கிவிட்டு, அப்படியே உள்ளே நுழைந்தேன்.

"மாமா, ஹெல்மெட்ட கயட்டு. அல்லாரும் பாக்கறாங்க."

"பாக்கக் கூடாதுன்னுதாண்டா போட்டுகினு கீறேன்."

கூடம் நிறைய கூட்டம். பெயர் பதிகிற அம்மா, "பேஷண்ட் பேரு?" என்று கேட்டார். கவின் என் கையைப் பிடித்து அழுத்தினான். மூலையில் அவன் பள்ளிச் சீருடையில் ஒரு பெண் தன் அம்மாவோடு உட்கார்ந்திருந்தாள். "என் பேரக் கூப்புட வாணாம் மாமா, ப்ளீஸ்" என்றான். அவன் கை சில்லென்று இருந்தது. வாழ்க்கையில் முதல் தடவையாக எனக்கு வீரம் வந்தது.

"என் பேரப் போடுங்க மேடம். பூபாலன், நூம்பல்" என்றேன்.

அதோடு வாயை மூடியிருக்கலாம். குனிந்து, ஹெல்மெட்டுக்குள் இருந்தபடியே, "மேடம், இது வெளிய தெரியாம பாத்துக்கங்க. கல்யாணம் வேற வருது" என்றும் சொன்னேன். ஹெல்மெட்டுக்குள் பேசுகிறவனுக்குத் தன் சத்தம் தெரியாது. கூடமே கேட்டிருக்கிறது. அந்த அம்மா என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, மேஜையில் இருந்த தன் பேனாவை எடுத்துத் தன் பக்கம் வைத்துக்கொண்டார்.

எனக்கு எதிரில் ஒரு பெரியவர் பேப்பரை முகத்துக்கு நேராக விரித்துப் படித்துக்கொண்டிருந்தார். நாங்கள் காத்திருந்த நேரம் முழுக்க அவர் பக்கத்தைத் திருப்பவே இல்லை. ரொம்ப நிதானமாகப் படிக்கிறவர் போலும் என்று நினைத்தேன்.

"பூபாலன்! நூம்பல் பூபாலன் யாருங்க? ஹெல்மெட்டோட உள்ள வராதீங்க!" என்று நர்ஸ் கத்தினார்.

பதற்றத்தில் ஹெல்மெட்டை இழுத்தேன். மாஸ்க்கும் கூடவே வந்துவிட்டது. முழு முகத்தோடு கூடத்தின் நடுவில் நின்றேன். எதிரில் இருந்த பேப்பர் கொஞ்சம் இறங்கியது. இரண்டு கண்கள் என்னை உற்றுப் பார்த்தன. பேப்பர் மறுபடியும் ஏறிக்கொண்டது.

டாக்டரம்மா கவினின் முகத்தை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "முன்னாடி என்ன போட்டீங்க?" என்றார். நான் போனில் எடுத்து வைத்திருந்த கிரீம் போட்டோவைக் காட்டினேன்.

"இதுல ஸ்டீராய்டு இருக்கு. போட்டா மினுக்கும், விட்டா இப்படித்தான் பொங்கும். யார் வாங்கிக் குடுத்தது?"

கவின் என்னைக் கை காட்டினான்.

"நீங்க என்ன வேலை பாக்கறீங்க?"

"குவாலிட்டி செக்கிங் மேடம்."

அவர் அதற்கு மேல் என்னைப் பார்த்துப் பேசவில்லை. கவினிடம்தான் பேசினார். "இது அழுக்கால வர்றதில்ல, உன் தப்பும் இல்ல. இந்த வயசுல எண்ணெய்ச் சுரப்பி அதிகமா வேலை செய்யும். கிள்ளாதே, தேய்ச்சுக் கழுவாதே. ராத்திரி இந்த ஜெல்லைக் கொஞ்சமா, முகம் பூராவும் பூசு. முதல்ல காய்ஞ்சு தோல் உரியும், பயந்து நிறுத்திடாதே. தெரியறதுக்கே மாசக்கணக்குல ஆகும். மாத்திரை சாப்பாட்டுக்கு அப்புறம்தான். மத்தியானம் சாப்பிடறியா?" கவின் தலையைக் குனிந்துகொண்டான். "தழும்பு ஆழமா விழறதுக்குள்ள வந்துட்டே. சரியாகும்" என்றார். அந்தக் கடைசி வார்த்தையை அவன் வண்டியில் வரும்போது என்னிடம் இரண்டு தடவை கேட்டு உறுதி செய்துகொண்டான்.

அடுத்த வாரம் தரகர் கோதண்டம் போன் செய்தார்.

"தம்பி, பொண்ணு ஊட்ல கொஞ்சம் ரோசனை பண்றாங்க. உனுக்கு ஒடம்புக்கு இன்னா?"

"ஒண்ணுமில்லியே அண்ணே."

"அம்பத்தூர்ல ஒரு டாக்டராண்ட போனியாமே. ஹெல்மெட்டு போட்டுகினு. கல்யாணம் வருது, வெளிய தெரியக் கூடாதுன்னியாமே. நம்பிக்கையான ஆளு பாத்துகிறாரு நைனா."

நடந்தது என்னவோ அப்படியே சொல்கிறார்! ஒரு வார்த்தை பொய் இல்லை. நான் எதை மறுப்பேன்? அக்கா போனைப் பிடுங்கிக் கேட்டுவிட்டு, கதவைச் சாத்தி, தணிந்த குரலில், "அக்காவாண்ட மறைக்காதடா, இன்னா பண்ணி வெச்சே?" என்றாள். அவளுக்கும் சந்தேகம்! நான் சத்தியம் செய்தேன். கம்பெனியில் நல்ல பாகங்களை எல்லாம் ஓரமாகப் போட்டு சூப்பர்வைசரிடம் திட்டு வாங்கினேன்.

நேரில் போய்ப் பேசிவிடுவது என்று அக்கா முடிவெடுத்தாள். அந்த ஞாயிற்றுக்கிழமை கோதண்டத்தோடு பருத்திப்பட்டுக்குப் போனோம். கவின் தானும் வருவேன் என்று நின்றான். வெளியே எங்கேயும் வராத பிள்ளை கேட்கிறானே என்று கூட்டிப் போனோம்.

பெண்ணின் அப்பா தனசேகர் கதவைத் திறந்தார். கிளினிக்கில் பேப்பருக்கு மேலே பார்த்த அதே கண்கள்!

உட்கார வைத்தார்கள். வாழைக்காய் பஜ்ஜி வந்தது. யாரும் தொடவில்லை. அக்கா என்னைப் பார்த்தாள், பேசு என்று.

"சார்... நீங்க நெனைக்கிற மாதிரி எனக்கு ஒண்ணும் இல்ல. அந்த டாக்டர் ரொம்ப நல்லவங்க... மாசக்கணக்குல ஆகும்னாங்க... ஆனா கண்டிப்பா சரியாயிடும்னு..."

கோதண்டம் தலையில் கை வைத்துக்கொண்டார். ரேவதியின் அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். நான் வாயைத் திறந்தால் எதையும் சரிசெய்ய மாட்டேன் என்பது என் பக்கத்தில் இருந்தவனுக்குப் புரிந்துவிட்டது.

"மாமாக்கு ஒண்ணுமில்ல" என்று கவின் எழுந்து நின்றான். "பேஷண்ட்டு நான்தான். என் பேரக் கூப்டா எனுக்கு அசிங்கமா இருக்கும்னு மாமா அவரு பேரக் குடுத்தாரு."

சொல்லிவிட்டு மாஸ்க்கைக் கழற்றினான். ஜெல் போட்டு தோல் உரிகிற நேரம் அது. முகம் எப்போதையும்விட மோசமாக இருந்தது. தோல் திட்டுத்திட்டாக வெளுத்து, நடுநடுவே சிவப்பாகப் பரு. கூடப் படிக்கிறவர்களுக்குக் காட்டாத முகத்தை, முன்பின் தெரியாதவர்கள் வீட்டில், எனக்காகத் திறந்து காட்டிக்கொண்டு நின்றான். எனக்கு அழுகை வந்தது. அந்த சம்பந்தம் போனால் போகட்டும் என்று அந்த நிமிஷம் மனசார நினைத்தேன்.

கவின்தான் மறுபடியும், நிஜமாகவே தெரிந்துகொள்ள ஆசைப்பட்டு, கேட்டான்:

"அங்கிள், நீங்க அங்க இன்னாத்துக்கு வந்தீங்க?"

ரேவதியின் அம்மா மெதுவாகக் கணவர் பக்கம் திரும்பினார். "ஆபீஸ் சிநேகிதரு பாத்தாருன்னீங்க? நீங்களா அங்க போனது?"

தனசேகர் கூரையைப் பார்த்தார். மின்விசிறியைப் பார்த்தார். "இடுப்புல... படர்தாமரை" என்றார், யாருக்கும் கேட்காத குரலில். "இங்க பக்கத்துல ஆவடில போனா யாராச்சும் பாத்துடுவாங்கன்னு அம்பத்தூருக்குப் போனேன்."

சமையலறையில் இருந்து ஒரு சிரிப்புச் சத்தம் வந்தது. அடக்கப் பார்த்து, முடியாமல், வெடித்துக்கொண்டு வந்த சிரிப்பு. பிறகு ரேவதி தானே வெளியே வந்தாள். யாரும் கூப்பிடவில்லை. என்னை அவள் பார்க்கவே இல்லை. பஜ்ஜித் தட்டை எடுத்துக் கவினிடம் நீட்டினாள்.

"சாப்புடு. பிளஸ் டூ படிக்கசொல்ல எனுக்கும் இப்டிதான். துப்பட்டாவ மூஞ்சில சுத்திகினு திருடி மாரி போய் வருவேன். எங்கப்பாவாண்ட டாக்டர் ஊட்டுக்குக் கூட்டிகினு போன்னு கேட்டா, வயசுப் பொண்ணு அந்த போர்டாண்ட போலாமான்னாரு. இப்ப அவரு மட்டும் போய்க்கிறாரு."

கவின் ஒரு பஜ்ஜியை எடுத்தான். தின்றான். இன்னொன்றையும் எடுத்தான். எல்லோரும் தன் முகத்தைப் பார்க்கிறார்கள் என்பதை மறந்து தின்றான். (எண்ணெய்ப் பலகாரம் ஆகுமா என்று எனக்குக் கவலை வந்தது. கேட்கத் தைரியம் வரவில்லை.)

ஆவணியில் எங்கள் கல்யாணம் நடந்தது. கவின் முகம் டாக்டர் சொன்ன மாதிரியே நிதானமாக, மாசக்கணக்கில் தெளிந்தது. இடது கன்னத்தில் மட்டும் கொஞ்சம் குழிகள் தங்கிவிட்டன. ஆனால் எங்கள் இரண்டு குடும்பத்திலும் என் பெயர் மட்டும் தெளியவில்லை. மாமியாருக்கு அரிப்பு என்றால், "பூபாலன் பேர்ல போட்ருங்க." மச்சினன் அரியர் வைத்தால், "பூபாலன் பேர்ல போட்ரு." அம்பத்தூர் கிளினிக்கில் என் பெயரில் இதுவரை பதிவாகியிருக்கும் வியாதிகளைப் படித்தால், நான் உயிரோடு இருப்பதே டாக்டரம்மாவின் கைராசி என்று நினைப்பீர்கள்.

சமீபத்தில் ரேவதியின் சித்தி மகளுக்கு முகமெல்லாம் பரு. துப்பட்டாவால் முகத்தை மூடிக்கொண்டு, அழுத கண்ணோடு வந்தவளை நானும் கவினும் அதே கிளினிக்குக்குக் கூட்டிப் போனோம். அவன் இப்போது காலேஜ். கூடம் நிறைய கூட்டம். "பேஷண்ட் பேரு?" என்று கேட்டார்கள். அந்தப் பெண் தலையைக் குனிந்துகொண்டாள். பழக்க தோஷத்தில் நான் வாயைத் திறந்தேன்.

அதற்குள் கவின் முன்னால் போய் நின்றான்.

"கவின்னு போடுங்கக்கா. முகப்பரு" என்றான். "கூப்புடசொல்ல சத்தமாவே கூப்புடுங்க."