எழுபது வளைவும் ஒரு காதுகுத்தும்

பட்டம் வாங்கிய முதல் வருடத்தில் ஒருவனை எந்தக் குடும்ப விசேஷத்துக்கும் அழைத்துப் போகக் கூடாது என்பது என் அபிப்பிராயம். அவனுக்கு எல்லாம் தெரிந்திருக்கும். 1999-இல் எனக்கும் எல்லாம் தெரிந்திருந்தது. விலங்கியலில் இரண்டாம் வகுப்பு. வேலைதான் கிடைக்கவில்லையே தவிர, கருத்துகளுக்குப் பஞ்சமில்லை.

அந்தத் தை மாதம் என் அக்கா மகள் கயலுக்குக் கொல்லிமலைக் கோயிலில் காதுகுத்து வைத்தார்கள். கயலுக்கு மூன்று வயது. தாய்மாமன் என்று இருப்பது நான் ஒருவன்தான். என் மடியில் உட்கார வைத்துத்தான் குத்த வேண்டும். அதற்காக எனக்குப் பட்டு வேட்டியும் பட்டுத் துண்டும் எடுத்திருந்தார்கள். (கண்ணாடி முன்னால் நான் நின்ற நேரத்தை அக்கா இன்றுவரை மன்னிக்கவில்லை.) சேந்தமங்கலம் பக்கத்து ஊர் எங்களுடையது. அடிவாரம் வரை சமதளம். அதன் பிறகு எழுபது கொண்டை ஊசி வளைவுகள். ஒவ்வொன்றிலும் எண் எழுதிய பலகை இருக்கும்.

பதினெட்டுப் பேர் உட்காரும் வேனில் நாங்கள் முப்பத்தொரு பேர். மடிக்குழந்தைகள் தனி. நடுவில் புளிசாத அண்டா.

கிளம்புகிற நேரத்தில் அக்காவின் மாமியார் ஒரு மஞ்சள் பையோடு வந்தார். எட்டிப் பார்த்தேன். பத்துப் பதினைந்து எலுமிச்சம்பழம், ஒரு கட்டு பிளாஸ்டிக் கவர், பழைய செய்தித்தாள்.

"எதுக்குங்க அத்தை இதெல்லாம்?"

"மலை ஏர்றமல்ல கண்ணு. ஆருக்காச்சும் கொமட்டுச்சுன்னா?"

இப்படி ஒரு சந்தர்ப்பத்துக்காகத்தான் நான் மூன்று வருடம் படித்திருந்தேன். குமட்டல் வயிற்றிலிருந்து வருவதில்லை, காதுக்குள் இருக்கும் திரவம் ஆடுவதால் வருகிறது, நேராகச் சாலையைப் பார்த்தால் ஒன்றும் ஆகாது, கவரைக் கையில் வைத்திருந்தால் அந்த நினைப்பிலேயே வாந்தி வரும் என்று வாசலில் நின்று விளக்கினேன். வெறும் வயிற்றில் போக வேண்டும் என்பதும் மூடநம்பிக்கை என்று காட்டுவதற்காக எல்லோர் எதிரிலும் எட்டு இட்லி சாப்பிட்டேன். பிறகு அந்தப் பையை வாங்கி எங்கள் வீட்டுக்குள் வைத்துப் பூட்டினேன்.

"படிச்ச புள்ள சொல்லுது," என்றார் அத்தை. அவர் குரலில் இருந்த சந்தேகம் அப்போது என் காதில் விழவில்லை.

அடிவாரம் தாண்டியதும் கூட்டத்தில் ஒரு பதற்றம் தெரிந்தது. தைரியம் சொல்வது என் கடமை என்று நினைத்து, ஓட்டுநர் பக்கத்தில் இருந்த இன்ஜின் மூடிமேல் ஏறி, எல்லோர் முகமும் தெரியும்படி பின்புறம் திரும்பி உட்கார்ந்துகொண்டேன். முப்பது பேர் நான் சொன்னபடியே சாலையைப் பார்த்துக்கொண்டு வந்தார்கள். மலையில் சாலைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு ஏறிய ஒரே ஆள் நான். கீழே இன்ஜின் சூடு வேறு.

இருபதாவது வளைவு வரை பேசினேன். முப்பதில் என் பேச்சு குறைந்தது. முப்பத்தாறில் அக்காவின் கணவர், "ஏன் மாப்ள, திடீர்னு அமைதியாயிட்ட?" என்று கேட்டார். வாயைத் திறந்தால் பதில் மட்டும் வராது என்று தெரிந்ததால் தலையை மட்டும் ஆட்டினேன். அது பெரிய தவறு. தலையை ஆட்டியிருக்கக் கூடாது.

நாற்பத்தொன்றாவது வளைவில் எட்டு இட்லியும் திரும்பி வந்தன. வேனில் ஒரு கவர் கூட இல்லை. கைக்கு எட்டியது என் பட்டுத் துண்டுதான்.

அடுத்து நடந்ததை எங்கள் குடும்பத்தில் யாரும் சாப்பாட்டு நேரத்தில் சொல்வதில்லை. முதல் வரிசையில் ஒரு சித்தி என் முகத்தைப் பார்த்தார், போயிற்று. அவரைப் பார்த்து அவர் மகன். அவன் சத்தத்தைக் கேட்டு, பார்க்காத பின்வரிசையும். ஓட்டுநர் வண்டியை ஓரமாக நிறுத்தினார். முப்பத்தொரு பேரும் இறங்கிப் பாறை ஓரமாக வரிசையாகக் குனிந்து நின்றதைப் பார்த்து, எதிரே மிளகு மூட்டையோடு வந்த ஜீப் நின்றே விட்டது.

"ஏனுங்க, கவர் ஒண்ணுமே கொண்டாரலீங்களா?" என்று ஓட்டுநர் கேட்டார். "இந்த மலைக்கு வாரவங்க எல்லாரும் கொண்டாருவாங்களே."

முப்பது பேரும் என்னைப் பார்த்தார்கள். திட்டியிருந்தால் பரவாயில்லை என்று இருந்தது.

நல்ல நேரம் பத்தரை வரைதான். மறுபடி இரண்டு தடவை நிறுத்தி, கோயிலை அடைந்தபோது மணி பத்தேகால். ஆசாரி தங்கக் கம்பியைத் துடைத்து வைத்துக்கொண்டு காத்திருந்தார். மற்றவர்கள் முகம் கழுவித் தெளிந்துவிட்டார்கள். எனக்கு மட்டும் கோயில் கோபுரம் இன்னும் ஐம்பதாவது வளைவில் திரும்பிக்கொண்டிருந்தது. மனையில் உட்கார்ந்தால் ஒரு பக்கமாகச் சாய்ந்தேன்.

"தாய்மாமன் இல்லாம குத்த முடியாது," என்றாள் அக்கா. பல்லைக் கடித்துக்கொண்டுதான் சொன்னாள். மச்சான் என் பின்னால் உட்கார்ந்து, இரண்டு தோளையும் பிடித்து என்னை நிமிர்த்தினார்.

அப்போது அத்தை வந்தார். மடியை அவிழ்த்து ஒரு எலுமிச்சம்பழத்தை எடுத்து, நகத்தால் கீறி என் மூக்கருகே பிடித்தார்.

"பையைத்தான் நான் வாங்கி வெச்சிட்டனேங்க அத்தை..."

"எல்லாத்தையும் உன்கிட்டக் குடுத்துருவனா கண்ணு? மோந்து பாரு."

மோந்து பார்த்தேன். உலகம் கொஞ்சம் நின்றது.

கயலை மடியில் வைத்தார்கள். அவள் அழுது ஊரைக் கூட்டுவாள் என்று நாலு பேர் மிட்டாயோடும் பொம்மையோடும் தயாராக நின்றார்கள். அவள் அவர்களைப் பார்க்கவே இல்லை. என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"மாமா, வாந்தி வருதா?"

"இல்ல சாமி."

"வருது," என்று சொல்லித் தன் சின்னக் கையால் என் வாயைப் பொத்தினாள். அந்த நேரம் பார்த்து ஆசாரி ஒரு காதைக் குத்திவிட்டார். கயல் ஒரு கணம் கண்ணைச் சுருக்கினாள். பொத்திய கையை எடுக்கவில்லை. இன்னொரு காதையும் குத்தினார். அவளுக்கு உதடு துடித்தது. ஆனாலும் என் நெஞ்சைத் தடவிக்கொடுத்து, "உனக்கு வலிக்குதா மாமா?" என்றாள்.

எனக்கு அழுகை வந்துவிட்டது. மயக்கமா, அவமானமா, அந்தக் கேள்வியா என்று இன்றைக்கும் சொல்லத் தெரியவில்லை. சத்தமாகவே அழுதேன். போட்டோக்காரர் அந்த நேரத்தில்தான் எடுத்தார்.

அந்தப் படத்தை அக்கா பெரிதாக்கி, சட்டம் போட்டுத் தன் வீட்டு முன்னறையில் மாட்டியிருக்கிறாள். நல்ல படங்கள் வேறு நான்கு இருந்தன. இதைத்தான் மாட்டுவேன் என்று நின்றாள். அதில் கயல் அமைதியாக இருப்பாள். நான் வாயைக் கோணிக்கொண்டு அழுவேன். மச்சான் என் தோளை அமுக்கிப் பிடித்திருப்பார். அத்தை எலுமிச்சம்பழத்தோடு என் தலைக்கு மேல் குனிந்திருப்பார்.

போன ஆவணியில் கயலைப் பெண் பார்க்க வந்தார்கள். மாப்பிள்ளையின் அம்மா அந்தப் படத்தின் முன் ரொம்ப நேரம் நின்றார்.

"ஏனுங்க, இதுல ஆருக்குக் காது குத்துறாங்க?"

அதிகம் பேசக் கூடாது என்று அக்கா சொல்லிவைத்திருந்தும், காபித் தட்டோடு வந்த கயல் நின்றாள்.

"குத்துனது எனக்குத்தானுங்க. வலிச்சது எங்க மாமாவுக்கு."

சம்பந்தம் அன்றே முடிவானது. கல்யாணமும் ஆகிவிட்டது. மாப்பிள்ளை வீட்டில் யாருக்கும் என் பெயர் தெரியாது. சின்னப் பிள்ளைகள் உட்பட எல்லோரும், "காது குத்திக்கிட்ட மாமா வந்திருக்காருங்க," என்றுதான் உள்ளே போய்ச் சொல்கிறார்கள்.